எட்டு வரிசை நெல்
(18446744073709551615 என்னும் எண்ணைப் பற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழ் அச்சாகிக் கைக்கு வந்ததும் முதலில் தலைப்பைத்தான் பார்த்தேன். இருபது இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் பத்தொன்பதுதான் இருந்தது. நடுவில் அடுத்தடுத்து வரும் இரண்டு 5-இல் ஒன்றை அச்சகத்தில் விழுங்கிவிட்டார்கள். எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்தேன் என்று நினைக்காதீர்கள், என் கண்ணுக்கு அந்தத் தெம்பு இல்லை. இலக்கங்களைக் கூட்டினேன். 82 வந்தது. 82 மூன்றால் வகுபடாது; நான் கொடுத்த எண் மூன்றால் வகுபட்டே ஆக வேண்டும். இலக்கங்களின் கூடுதல் 87 வர வேண்டும். ஐந்து குறைகிறது என்றால் ஒரு 5 போயிருக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளை செய்யும் சோதனைதான் இது. இன்று நான் பேசப்போவதற்கு இதைவிட நல்ல தொடக்கத்தை அந்த அச்சகம் எனக்குத் தந்திருக்க முடியாது.

எண்ணைப் படித்துவிடுகிறேன். ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடி, நாற்பத்து நாலு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடி, தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. கோடிக்கு மேல் நாம் இன்று "கோடி கோடி" என்று தடுமாறுகிறோம். ஆம்பல், தாமரை, வெள்ளம் என்று பேரெண்களுக்குப் பெயர் வைத்திருந்த மொழி இது. அந்தப் பெயர்களின் ஈற்றெழுத்துக்குத் தொல்காப்பியத்தில் இலக்கணமே உண்டு. அவற்றைப் புழக்கத்தில் விட்டுவிட்டோம் என்பது தனிப் பேச்சு.

இந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு தானியம், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று அறுபத்து நான்கு கட்டத்துக்கும் இரட்டித்துக்கொண்டே போனால் கிடைக்கும் மொத்தம். அரசன் சிரித்துக்கொண்டே வரம் கொடுத்து, பிறகு களஞ்சியம் காலியாகித் திகைத்த கதை. கேரளத்தில் அம்பலப்புழைக் கோயிலில் பால்பாயசம் நிவேதனமாக வந்ததற்கு இதே கதையைத்தான் சொல்கிறார்கள். அங்கே ஆடியவன் கண்ணன். கதை யாருடையதோ, கணக்கு மெய். ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டில் அல்-பிரூனி இந்த எண்ணைத் தம் நூலில் கடைசி இலக்கம் வரை சரியாகக் கொடுத்திருக்கிறார். அறுபத்து நாலு முறை இரட்டித்துக் கூட்ட வேண்டியதில்லை என்பது அவருக்குத் தெரியும். மொத்தத்தோடு ஒரே ஒரு தானியத்தைச் சேர்த்துப் பாருங்கள். அந்த ஒன்றும் முதல் கட்டத்து ஒன்றும் சேர்ந்தால் இரண்டு. இரண்டாம் கட்டத்து இரண்டோடு சேர்ந்தால் நான்கு. மூன்றாம் கட்டத்து நாலோடு சேர்ந்தால் எட்டு. இப்படியே சரிந்துகொண்டு போய்க் கடைசியில் 2⁶⁴ என்று நிற்கும். ஆகவே மொத்தம் 2⁶⁴−1. அந்த 2⁶⁴-ஐப் பெறவும் ஆறு பெருக்கல் போதும். இரண்டின் வர்க்கம் 4, நாலின் வர்க்கம் 16, பிறகு 256, 65536, 4294967296, அதன் வர்க்கம்தான் நாம் தேடுவது.

கதையைக் கேட்டவர்கள் எல்லாரும் "எவ்வளவு பெரிசு!" என்று வாய் பிளந்து அங்கேயே நின்றுவிடுகிறார்கள். பிளந்த வாயை நாமும் ஒருமுறை பிளந்துவிட்டு மேலே போவோம். நம் ஊர் அளவையிலேயே பார்க்கலாம். 360 நெல் ஒரு செவிடு, ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆக, படிக்கு 14,400 நெல். எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். கலத்துக்கு 13,82,400 நெல். பாட்டிமார் சொல்லும் வாய்பாடு இது.

இனிப் பலகையை வரிசை வரிசையாகக் கொட்டுவோம். முதல் வரிசையின் எட்டுக் கட்டத்தில் மொத்தம் 255 நெல். ஒரு செவிடுகூட நிறையவில்லை. இரண்டு வரிசை முடிந்தால் 65,535, நாலரைப் படி. அரசன் இன்னும் சிரிக்கிறான். நாலு வரிசை, அதாவது பாதிப் பலகை முடிந்தால் 429,49,67,295 நெல். 3,107 கலத்துக்குச் சற்றுக் குறைவு. டெல்டாக்காரர்கள் இரண்டு கலத்தை ஒரு மூட்டை என்பார்கள். ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் மூட்டை. இதை ஓர் அரசன் என்ன, கொஞ்சம் பெரிய மிராசுதாரே களத்திலிருந்து அள்ளிக் கொடுத்துவிடுவார். எட்டு வரிசையும் முடிந்தால்? 13,34,400 கோடி கலம். அதில் சுமார் 11 லட்சம் கலம்தான் குறையும். கணக்கிட்டபோது இவ்வளவு அழகாக முழுசாகி வந்து நின்றதைக் கண்டு நானே மறுபடி சரிபார்த்தேன். தற்செயல்தான், வேறொன்றுமில்லை. ஆயிரம் நெல்லுக்கு 20 கிராம் என்று வைத்தால் எடை சுமார் 36,900 கோடி டன். உலகம் முழுதும் இன்று ஆண்டுக்கு விளையும் நெல் ஏறக்குறைய 80 கோடி டன். நானூற்று அறுபது ஆண்டு விளைச்சல்.

பெருமை பேசுவது இதோடு போதும். பெரிய எண்ணைப் பெரிசு என்று சொல்வதில் கணிதம் எதுவுமில்லை. இதற்குப் பக்கத்து எண்ணும் இவ்வளவு பெரிசுதான். இந்த எண்ணின் குணம் அதன் அளவில் இல்லை, அது எவற்றைப் பெருக்கி உண்டானது என்பதில் இருக்கிறது.

எட்டாம் வகுப்பில் படித்த ஒரு முற்றொருமை போதும்: இரு வர்க்கங்களின் வித்தியாசம், கூடுதலும் வித்தியாசமும் பெருகியது. 2⁶⁴−1 என்பது 2³²+1, 2³²−1 ஆகிய இரண்டின் பெருக்கல். 2³²−1 மறுபடி 2¹⁶+1, 2¹⁶−1 என்று பிளக்கும். அதுவும் பிளக்கும். விறகு பிளக்கிற மாதிரி பிளந்துகொண்டே போனால் கடைசியில் கையில் இருப்பவை 3, 5, 17, 257, 65537, 4294967297 என்னும் ஆறு எண்கள். பலகையோடு பொருத்திப் பாருங்கள். முதல் வரிசையின் 255 என்பது 3×5×17. இரண்டாவது வரிசை சேர்ந்ததும் 257 வந்து பெருகுகிறது. நாலாவது வரிசை முடிந்ததும் 65537. எட்டாவது வரிசை முடிந்ததும் 4294967297.

இந்த ஆறும் ஒரே சாதி. இரண்டை வர்க்கப்படுத்திக்கொண்டே போய் ஒவ்வொரு முறையும் ஒன்று கூட்டினால் வருபவை. பெர்மா எண்கள் என்று இவற்றுக்குப் பெயர். துலூஸ் நகரில் நீதித்துறைப் பதவியில் இருந்துகொண்டு ஓய்வு நேரத்தில் கணக்குப் போட்ட பியேர் தி பெர்மா, 1640-இல் தம் கடிதங்களில் இவை அனைத்தும் பகா எண்களே என்று தாம் நம்புவதாக எழுதினார். 3 பகா எண். 5, 17, 257 பகா எண்கள். 65537-உம் பகா எண்தான்; 256 வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஐந்து தொடர்ந்து சரியாக வந்திருக்கிறது. ஆறாவதும் வராமலா போகும்?

தொண்ணூறு ஆண்டு யாரும் அசைக்கவில்லை. 1729-இல் கோல்ட்பாக் ஒரு கடிதத்தின் பின்குறிப்பில் இதை ஆய்லருக்கு நினைவூட்டினார். 1732-இல், இருபத்தைந்து வயதில், பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த ஆய்லர் விடை சொன்னார்: 4294967297 என்பது 641 × 6700417.

641-ஐ எப்படிப் பிடித்தார்? கண்ணை மூடிக்கொண்டு 3, 7, 11 என்று வகுத்துக்கொண்டு போகவில்லை. ஒரு பகா எண் 2³²+1-ஐ மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பகா எண்ணைப் பொறுத்தவரை 2³² என்பது −1-க்குச் சமம். அதை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴ என்பது 1. அதாவது இரண்டின் அடுக்குகளை அந்தப் பகா எண்ணால் வகுத்துவரும் மீதிகள், செக்கு மாடு போல 64 அடிக்கு ஒருமுறை புறப்பட்ட இடத்துக்கு வருகின்றன. பகா எண்ணைவிட ஒன்று குறைந்த எண்ணிக்கை அடிகளிலும் அவை புறப்பட்ட இடத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்பது பெர்மாவின் சிறிய தேற்றம். ஆகவே, ஒன்று குறைத்தால் அந்தப் பகா எண் 64-ஆல் வகுபட வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641... ஐந்தாவது வகுத்தலில் 641 வந்து விழுகிறது.

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. சிறிய தேற்றம் பெர்மாவுடையதே. அதை அவர் எழுதியதும் அதே 1640-இல். திறவுகோலைக் கையில் வைத்துக்கொண்டே பூட்டின் முன் நின்று, உள்ளே இருப்பது இதுதான் என்று ஊகம் சொல்லியிருக்கிறார். ஐந்து வகுத்தல், ஒரு மாலை நேரத்து வேலை. செய்யாமல் விட்டாரோ, செய்து எங்கோ பிழை விட்டாரோ. என் கட்சி இதுதான்: அரசன் பட்ட அதே பாட்டைத்தான் பெர்மாவும் பட்டார். இருவரும் பாதிப் பலகையைப் பார்த்துவிட்டு முழுப் பலகைக்கு வாக்குக் கொடுத்தவர்கள். முதல் நாலு வரிசை வரை அரசனின் களஞ்சியம் தாங்கியது. முதல் நாலு வரிசை வரை பெர்மாவின் ஊகமும் தாங்கியது. இரண்டும் உடைந்தது அதற்கப்பால், ஒரே எண்ணில்.

641 வகுக்கும் என்பதை, பெரிய பெருக்கல் எதுவும் போடாமல், கரும்பலகை இல்லாமலே காட்ட முடியும். 641 என்பது 5×128+1. அதே 641 என்பது 625+16. இந்த இரண்டும் போதும். 641-ஆல் வகுத்து மீதி பார்க்கும்போது, முதல் சமன்பாட்டின்படி 5×2⁷ என்பது −1. அதை நாலாம் அடுக்குக்கு உயர்த்தினால் 625×2²⁸ என்பது 1. இரண்டாவது சமன்பாட்டின்படி 625-க்குப் பதில் −16 என்று எழுதலாம். −16×2²⁸ என்றால் −2³². ஆக −2³² என்பது 1. எனவே 2³²+1-இன் மீதி சுழி. இதை முதல்முறை படித்த அன்று வீட்டில் சாப்பாடு ஆறிப் போனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். நாலு வரியில் முடிகிற இந்த நிரூபணத்தைப் பாடப்புத்தகத்தில் ஏன் சேர்க்கவில்லை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அரசனுக்குக் கொடுக்க முடிந்த பாதிப் பலகைக்குத் திரும்பி வருகிறேன். 4294967295, அதாவது 3×5×17×257×65537. எல்லாம் பெர்மாவின் பகா எண்கள். அளவுகோல், கவராயம் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு எந்தெந்த ஒழுங்குப் பலகோணங்களை வரையலாம் என்பது கிரேக்கர் காலத்துக் கேள்வி. முக்கோணம், ஐங்கோணம், பதினைந்து கோணம் வரை அவர்கள் போட்டுவிட்டார்கள். அடுத்த அடி இரண்டாயிரம் ஆண்டு கழித்து, 1796-இல். பத்தொன்பது வயது நிறையாத கௌஸ், பதினேழு பக்கப் பலகோணத்தை வரைய முடியும் என்று கண்டார். ஒற்றைப்படைப் பக்கமுள்ள ஒரு பலகோணத்தை வரைய வேண்டுமானால், பக்கங்களின் எண்ணிக்கை வெவ்வேறு பெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருக்க வேண்டும். அது போதும் என்பதைக் கௌஸ் 1801-இல் வெளியிட்டார்; அதுவன்றி வழியில்லை என்பதை வான்ட்செல் 1837-இல் நிறுவினார். இன்றுவரை கிடைத்துள்ள பெர்மா பகா எண்கள் அந்த ஐந்துதான். ஆகவே பாதிப் பலகை எண்ணின் காரணிகள், ஒன்றை நீக்கினால் முப்பத்தொன்று, ஒவ்வொன்றும் நமக்கு வரையத் தெரிந்த ஒரு பலகோணம். ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் 65537 பக்கப் பலகோணத்துக்கு வழி எழுதப் பத்தாண்டு செலவிட்டார். அந்தக் கையெழுத்துப்படி கோட்டிங்கனில் ஒரு பெட்டியில் இருக்கிறது. அதைச் சரிபார்க்கும் பொறுமைசாலி யாராவது இந்த அவையில் இருந்தால் கை தூக்கலாம்.

பிங்கலரின் சந்த சாஸ்திரத்துக்கு உரையெழுதிய ஹலாயுதர் விளக்கும் மேரு பிரஸ்தாரம் உங்களுக்குத் தெரியும். பாஸ்கல் முக்கோணம் என்று படித்திருப்பீர்கள். அதில் ஒற்றைப்படை எண் உள்ள இடத்தில் 1, இரட்டைப்படை உள்ள இடத்தில் 0 என்று போடுங்கள். ஒவ்வொரு வரியையும் இரும எண்ணாகப் படியுங்கள். 1, 3, 5, 15, 17, 51, 85, 255 என்று வரும். முதல் 32 வரிகளில் முதல் வரியின் 1 போக மீதி முப்பத்தொன்றும் சற்றுமுன் சொன்ன பலகோணங்கள். 33-ஆவது வரியில் 4294967297 வந்து உட்காரும். வரையும் வேலை அங்கே நின்றுவிடும். 64-ஆவது வரியில் அறுபத்து நாலு 1. அதுதான் இன்றைய நம் எண். செய்யுளின் குறில் நெடில் அமைப்புகளை எண்ணக் கட்டிய மேருவுக்குள் சதுரங்கப் பலகை முழுசாக மடிந்து கிடக்கிறது.

இதே எண் வேறொரு கதையிலும் வரும். காசிக் கோயிலில் வைர ஊசி மூன்று, அவற்றில் ஒன்றில் அறுபத்து நாலு தங்கத் தட்டு, பூசாரிகள் ஒவ்வொன்றாக மாற்றி முடிக்கும்போது உலகம் அழியும் என்பார்கள். காசிக்குப் போய் வந்த யாரும் அதைப் பார்த்ததில்லை. பார்த்திருக்கவும் முடியாது, அந்தத் தட்டுக் கோபுரம் பிரான்சில் செய்தது. எதுவார் லூக்கா என்ற கணித ஆசிரியர் 1883-இல் விளையாட்டுப் பொருளாக அதை விற்பனைக்கு விட்டார். பெட்டியின் மேல் போட்ட பெயர் "சயாமின் கிளாஸ்". அதன் பிரெஞ்சு எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் "அமியானின் லூக்கா" வரும். அமியான் அவர் பிறந்த ஊர். தட்டுகளை மாற்றி முடிக்கத் தேவையான அசைவுகள் நம் எண்ணேதான். நொடிக்கு ஓர் அசைவு என்றாலும் 58,400 கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுதான். உலகம் அழியும் என்ற பயம் இப்போதைக்கு வேண்டாம்.

இந்த லூக்கா பொம்மை வியாபாரி மட்டுமல்லர். 1878-இல் அவர் ஆய்லரின் வழியை இன்னும் கூர்மையாக்கினார். 4294967297-ஐ வகுக்கும் பகா எண்ணில் ஒன்றைக் குறைத்தால் அது 64-ஆல் மட்டுமல்ல, 128-ஆலும் வகுபட வேண்டும். அப்படியானால் சோதிக்க வேண்டியவை 257, 641 என்று தொடங்கும். இதில் 257-ஐயும் தள்ளிவிடலாம்: பாதிப் பலகை எண்ணோடு 2 கூட்டினால்தான் 4294967297 வருகிறது, 257 பாதிப் பலகையை வகுக்கும், 2-ஐ வகுக்காது. ஆக, முதலில் எடுத்து வகுக்க வேண்டிய எண்ணே 641. பெர்மாவுக்கு ஒரே ஒரு வகுத்தல்தான் தேவைப்பட்டிருக்கும்.

கணினி மாணவர்கள் இந்த எண்ணைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டிருப்பார்கள். 64 பிட் இடத்தில் அடங்கும் மிகப் பெரிய முழு எண் இது. பாதிப் பலகை 32 பிட்டின் எல்லை. அதில் ஒரு பிட்டைக் குறிக்கு விட்டுவிட்டால் 2147483647. 2014-இல் ஒரு கொரியப் பாட்டைப் பார்த்தவர்கள் இந்த எண்ணைத் தாண்டப்போனதால்தான் யூடியூப் தன் எண்ணிக்கைக் கருவியை 64 பிட்டுக்கு மாற்றியது. நம் காரணிகளில் ஒன்றான 65537-க்குத் தனி உத்தியோகமே உண்டு. ஆர்எஸ்ஏ முறையில் செய்தியைப் பூட்டும்போது பெரும்பாலும் உயர்த்தும் அடுக்கு அதுதான். இருமத்தில் எழுதினால் அதில் இரண்டே இரண்டு 1. பதினாறு வர்க்கமும் ஒரு பெருக்கலும் போட்டால் வேலை முடிந்தது.

ராமானுஜனைப் பற்றி ஒரு சொல்லாவது பேசாமல் இறங்கினால் இந்த அவை என்னை விடாது. நம் எண்ணுக்கு ஏழு பகாக் காரணிகள்: 3, 5, 17, 257, 641, 65537, 6700417. எதுவும் இரண்டு முறை வரவில்லை. ஆகவே மொத்த வகுத்திகள் 2⁷, அதாவது 128. இருபது இலக்க எண்ணுக்கு இது மிகவும் குறைச்சல். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும் விட அதிக வகுத்திகள் உள்ள எண்களைப் பற்றி ராமானுஜன் 1915-இல் ஒரு பெரிய கட்டுரை எழுதினார். அந்த வகையில் 897612484786617600 என்ற எண், நம்முடையதைவிட இரண்டு இலக்கம் சிறிசு, அதற்கு 1,03,680 வகுத்திகள். ஒன்று கூட்டுக் குடும்பம். நம்முடையது ஏழே பேர் கொண்ட வீடு, அதில் ஒவ்வொருவரும் ஒரு பெரிய ஆள்.

ஒரு கடனை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறேன். 6700417 பகா எண் என்று வாயால் சொல்லிவிட்டேன், நிறுவவில்லை. அது உங்கள் வேலை. கால்குலேட்டரைத் தொட வேண்டாம். அதன் வர்க்கமூலம் 2,588-ஐ ஒட்டி வரும். அதற்குள், ஒன்று குறைத்தால் 128-ஆல் வகுபடும் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்தே. 257-ஐ ஏற்கெனவே தள்ளிவிட்டோம். மற்ற நான்கால் வகுத்துப் பாருங்கள். மீதி முறையே 44, 120, 334, 622 வர வேண்டும். வேறு ஏதாவது வந்தால் இரண்டாம் முறை போட்டுப் பாருங்கள்; அப்போதும் வராவிட்டால் துறைத்தலைவரிடம் என் முகவரி இருக்கிறது, ஒரு கார்டு எழுதிப் போடுங்கள்.